தி வாக்கிங் டெட் காமிக்ஸ்: புதிதாகப் படிக்கவும் பேசவும் வருபவர்களுக்கு

'தி வாக்கிங் டெட்' காமிக்ஸ் மொத்தம் 193 இதழ்கள். முதல் இதழ் 2003 அக்டோபரில் வந்தது, கடைசி இதழ் 2019 ஜூலை 3 அன்று. அமெரிக்காவின் இமேஜ் காமிக்ஸ் வெளியீடு. எழுத்து முழுக்க ராபர்ட் கிர்க்மன். செத்தும் எழுந்து நடமாடி ஆட்களைக் கடிக்கும் ஜாம்பிகள் நிறைந்த உலகத்தில், பிழைத்திருக்கும் சிலரின் கதை இது. கதை முடிந்து இத்தனை வருடம் ஆகியும், இதைப் படித்த இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு லேசில் முடிவதில்லை. புதிதாக வருபவருக்கோ அந்தப் பேச்சில் பாதி புரியாது. "நூறுக்கு அப்புறம்தான் கதை சூடு பிடிக்குது" என்பார் ஒருவர். "சிறைச்சாலைப் பகுதிக்கு ஈடா எதுவுமே இல்லை" என்பார் இன்னொருவர். டிவி தொடரில் பார்த்த ஒரு பெயரை நீங்கள் சொன்னால், அப்படி ஓர் ஆளே காமிக்ஸில் கிடையாது என்று பதில் வரும்.

எங்கே தொடங்குவது, எப்படிப் படிப்பது, படித்ததைப் பற்றி மற்றவர்களோடு எப்படிப் பேசுவது என்று வரிசையாகச் சொல்கிறேன். யார் சாகிறார்கள், யார் தப்பிக்கிறார்கள் என்று எங்கேயும் சொல்லப்போவதில்லை. முதல் இதழில் நடப்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேசியிருக்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கதை மாதம் ஓர் இதழாகப் படிப்பதற்காக எழுதப்பட்டது. ஓர் இதழ் என்பது ஏறக்குறைய 22 பக்கம். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், பிறகு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். வாசகர்களின் பேச்சு, சண்டை, ஊகம் எல்லாமே அந்தக் காத்திருப்பில் வளர்ந்தவை. இன்று 193 இதழும் ஒரே நேரத்தில் கையில் கிடைக்கின்றன. ஒரே மூச்சில் படித்தால் கதை தெரிந்துவிடும், ஆனால் பேசுவதற்குக் கையில் அதிகம் மிஞ்சாது. அந்த இடைவெளியை நீங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கீழே சொல்லும் படிகள் பெரும்பாலும் அதற்காகத்தான்.

1. பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே கதை பல வடிவங்களில் கிடைக்கிறது. ஆறு இதழ்கள் கொண்ட மெல்லிய தொகுப்புகள் 32 இருக்கின்றன (கடைசித் தொகுப்பில் மட்டும் ஏழு இதழ்). பன்னிரண்டு இதழ்கள் கொண்ட கெட்டி அட்டைப் புத்தகங்கள் 16 (கடைசிப் புத்தகத்தில் மட்டும் பதின்மூன்று). அப்புறம், காம்பெண்டியம் எனப்படும் பெரிய தொகுப்புகள் நான்கு. முதலாவதில் இதழ் 1 முதல் 48 வரை, இரண்டாவதில் 49 முதல் 96, மூன்றாவதில் 97 முதல் 144, நான்காவதில் 145 முதல் 193. ஒவ்வொன்றும் ஆயிரம் பக்கத்துக்கு மேல்.

பெரும்பாலானோர் காம்பெண்டியத்தைத்தான் வாங்குகிறார்கள். இதழ் கணக்கில் பார்த்தால் அதுதான் மலிவு. ஆனால் புதியவருக்கு என் சிபாரிசு ஆறு இதழ்த் தொகுப்புதான், குறைந்தது முதல் நான்கு தொகுப்புகளாவது. ஆறு இதழில் ஒரு கட்டம் முடியும், புத்தகத்தை மூடி வைக்க ஒரு நியாயமான இடம் கிடைக்கும். காம்பெண்டியத்தில் ஓர் இதழ் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்பதே கண்ணில் படாமல் பக்கங்கள் ஓடும். அதைத்தான் வாங்கியிருக்கிறீர்கள் என்றால், இதழ் முடியும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இதழின் கடைசிப் பக்கம் பெரும்பாலும் ஒரு பெரிய படமாகவோ, பதில் கிடைக்காத ஒரு கேள்வியாகவோ இருக்கும் என்பதால் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

2020 அக்டோபரிலிருந்து வண்ணப் பதிப்பும் தனித்தனி இதழ்களாக வரத் தொடங்கியது. வண்ணம் தீட்டியவர் டேவ் மெக்கெய்க். அழகான வேலை. கூடவே, கிர்க்மன் அந்தக் காலத்தில் எழுதி வைத்திருந்த கதைக் குறிப்புகளும், அவற்றில் எது மாறியது என்ற விளக்கமும் அதில் உண்டு. அதனால்தான் அது முதல் வாசிப்புக்கு ஏற்றதல்ல. கதையை முடித்தவருக்கு அந்தக் குறிப்புகள் விருந்து. தொடங்குபவருக்கு வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடும்.

டிஜிட்டலில் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியை அணைத்துவிட்டு முழுப் பக்கமாகப் படியுங்கள். அதிர்ச்சி தரும் படத்தைப் பக்கத்தைத் திருப்பினால்தான் தெரியும் இடத்தில் வைப்பது கிர்க்மனின் வழக்கம். கட்டம் கட்டமாக நகர்ந்தால் அந்த வித்தை முழுக்க வீணாகிவிடும்.

2. கறுப்பு வெள்ளைக்குக் கண்ணைப் பழக்குங்கள்

முதல் ஆறு இதழ்களை வரைந்தவர் டோனி மூர். ஏழாவது இதழிலிருந்து 193 வரை, அதாவது 187 இதழ்கள், பிரிட்டிஷ் ஓவியர் சார்லி அட்லர்ட். சாம்பல் நிறச் சாயல்களைச் சேர்த்தவர் கிளிஃப் ராத்பர்ன். ஓவியர் மாறும் இடத்தில் புதியவர்கள் பலர் தடுமாறுவார்கள். மூரின் முகங்கள் உருண்டையானவை, உணர்ச்சி பளிச்சென்று தெரியும், ஒவ்வொரு மயிரிழையும் தனியாக நிற்கும். அட்லர்டின் பக்கங்களில் கோடுகள் குறைவு, நிழல் அதிகம். ஏழாவது இதழ் வேறு பனிக்காலத்தில் தொடங்குகிறது. எல்லாரும் கனத்த உடைக்குள் இருக்க, யார் யார் என்று பிடிபடச் சில பக்கங்கள் ஆகும்.

அந்த இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். முகத்தை மட்டும் நம்பாமல் தலைமுடி, தொப்பி, தோள்பட்டை, நிற்கும் விதம் இவற்றை வைத்து ஆட்களை அடையாளம் காணப் பழகுங்கள். பத்தாவது இதழுக்குள் கண் பழகிவிடும். அட்லர்டின் பலம் அதற்கு அப்புறம்தான் தெரியவரும். வசனமே இல்லாமல் ஒரு முகத்தை மூன்று நான்கு கட்டங்களில் திரும்பத் திரும்ப வரைவார். ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் கண் மட்டும்தான் லேசாக மாறியிருக்கும். அந்த ஆள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான் என்று நமக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு முக்கியமான விஷயம். இந்தத் தொடரில் மனதில் நினைப்பதைக் காட்டும் குமிழ்கள் கிடையாது. கதை சொல்லியின் குரலும் கிடையாது. ஒருவர் என்ன நினைக்கிறார் என்பதை அவர் பேச்சிலும் முகத்திலும் செயலிலும்தான் பார்க்க முடியும். கதைநாயகன் ரிக் ஏன் அப்படிச் செய்தான் என்று இத்தனை வருடம் வாக்குவாதம் நடப்பதற்குப் பெரிய காரணம் இதுதான். ஆசிரியர் தீர்ப்பு எழுதி வைக்கவில்லை, அதை நம்மிடம் விட்டிருக்கிறார்.

3. முதல் இதழை இரண்டு தடவை படியுங்கள்

கதை கென்டக்கி மாநிலத்தின் சிந்தியானா என்ற சிற்றூரில் தொடங்குகிறது. ரிக் கிரைம்ஸ் அங்கே போலீஸ்காரர். முதல் பக்கத்தில் துப்பாக்கிச் சண்டை, அவருக்குக் குண்டு பாய்கிறது. பக்கத்தைத் திருப்பினால் மருத்துவமனைப் படுக்கையில் கண் விழிக்கிறார். நடுவில் உலகம் முடிந்துபோயிருக்கிறது. எப்படி, எத்தனை நாளில் என்று ஒரு வரிகூட இல்லை.

முதல் வாசிப்பில் கதையை மட்டும் பாருங்கள். இரண்டாவது தடவை, வழியில் வரும் மிதிவண்டியைக் கவனியுங்கள். புல்லில் கிடக்கும் மிதிவண்டியை எடுக்கப் போகும் ரிக், பக்கத்தில் பாதி அழுகிப்போய், எழுந்திருக்கவும் முடியாமல் கிடக்கும் ஓர் உருவத்தைப் பார்க்கிறார். அது அவருக்கு ஆபத்தில்லை. வாயை மட்டும் அசைக்கிறது. ரிக் அழுதுகொண்டே மிதிவண்டியில் ஏறிப் போகிறார். அதன் பிறகு, அந்த ஊரில் பிழைத்திருக்கும் மார்கன் என்பவரையும் அவர் மகனையும் சந்திக்கிறார். இந்த ஜாம்பிகள் என்னவென்று அவர்கள் மூலம் தெரிந்துகொள்கிறார், காவல் நிலையத்திலிருந்து ஆயுதங்களை எடுக்கிறார், அட்லாண்டாவுக்குக் கிளம்புகிறார். கிளம்பும் வழியில் அதே இடத்துக்குத் திரும்பி வந்து, அந்த உருவத்தைச் சுட்டுவிட்டுத்தான் போகிறார்.

கதை நகர அந்தக் குண்டு தேவையே இல்லை. ஆபத்தில்லாத ஒன்றுக்காக ஒரு தோட்டாவைச் செலவு செய்கிறான் இந்த மனிதன். இது இரக்கமா, வீண் செலவா? இப்போது உங்களுக்குத் தோன்றும் பதிலை ஒரு தாளில் எழுதி வையுங்கள். நாற்பது இதழ் தாண்டியதும் அதே கேள்விக்கு மறுபடி பதில் எழுதிப் பாருங்கள். மற்றவர்களோடு பேச உங்களிடம் இருக்கும் முதல் சரக்கு அதுதான்.

4. வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள்

மாதம் ஒன்று என்று படித்தால் பதினாறு வருடம் ஆகும், அது யாராலும் முடியாது. நாளைக்கு ஓர் இதழ் நல்ல அளவு. விட முடியவில்லை என்றால் இரண்டு. ஆறு இதழ் முடிந்ததும் சில நாள் நிறுத்துங்கள். அந்த நாட்களில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அடுத்து என்ன நடக்கும் என்று உங்கள் ஊகத்தை எழுதி வைப்பது. தப்பாகப் போனால் என்ன? கிர்க்மன் வாசகரின் ஊகத்தை எங்கே உடைக்கிறார் என்று கண்டுபிடிக்க, முதலில் ஊகம் என்று ஒன்று இருக்க வேண்டும்.

48, 96, 144 என்ற மூன்று இடங்களிலும் நீண்ட இடைவெளி விடுங்கள். காம்பெண்டியங்கள் முடியும் இடங்கள் இவை. குறிப்பாக 48-க்கும் 144-க்கும் பிறகு உடனே அடுத்த பக்கத்தைத் திருப்புவது அந்த இதழ்களுக்குச் செய்யும் அநியாயம். 115 முதல் 126 வரை மட்டும் விதிவிலக்கு. அந்தப் பன்னிரண்டு இதழ்களும் மாதத்துக்கு இரண்டாக, 2013 அக்டோபரிலிருந்து 2014 ஏப்ரல் வரை வேகமாக வெளிவந்தவை. நீங்களும் வேகமாகவே படிக்கலாம்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். மொத்தம் 193 என்று தெரிந்தே நீங்கள் படிக்கிறீர்கள். அன்றைக்குப் படித்தவர்களுக்கு அது தெரியாது. அமெரிக்காவில் காமிக்ஸ் கடைகள் வரப்போகும் இதழ்களுக்குப் பட்டியலைப் பார்த்துச் சில மாதம் முன்பே ஆர்டர் கொடுக்கும். பட்டியலில் இதழ் இல்லை என்றாலே, கதை முடியப்போகிறது என்ற செய்தி கசிந்துவிடும். அதனால் 194, 195, 196 என்று வராத இதழ்களுக்கும் அட்டைப்படம் தயாரித்துப் பட்டியலில் போட்டார்கள். கடைசி இதழ் அந்த ரகசியத்தோடுதான் வாசகர் கைக்கு வந்தது. நான்காவது காம்பெண்டியத்தைப் படிக்கும்போது வலது கையில் மிச்சப் பக்கங்கள் குறைந்துகொண்டே வருவது உங்களுக்குத் தெரியும். அன்றைய வாசகர்கள் அந்த இதழ்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்கும்போது, அவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. எண்ணைச் சொல்லிப் பேசுங்கள்

படித்தவர்கள் கூடும் எந்த இடத்திலும் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "நான் இத்தனாவது இதழ் வரைக்கும் படிச்சிருக்கேன்." இதைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்காதீர்கள். பக்குவமான வாசகர்கள் எண்ணைக் கேட்டதும் அதற்குள் நின்று பேசுவார்கள்.

எதையாவது சொல்லும்போதும் இதழ் எண்ணோடு சொல்வதுதான் நல்லது. தொகுப்பு எண்ணைச் சொன்னால் குழப்பம். "மூன்றாவது புத்தகம்" என்றால் ஒருவருக்கு 13 முதல் 18, கெட்டி அட்டை வைத்திருப்பவருக்கு 25 முதல் 36, காம்பெண்டியக்காரருக்கு 97 முதல் 144. சிறைச்சாலைக் கதை பேசும் இடத்தில் ஒருவர் 130-ஆவது இதழைப் பற்றி வாய் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சில சொற்களும் காதில் விழும். நடமாடும் ஜாம்பிக்கு 'ரோமர்'. ஒரே இடத்தில் கிடந்து, ஆள் கிட்டே வந்தால் மட்டும் பாய்வது 'லர்க்கர்'. பெருங்கூட்டமாக நகர்ந்தால் 'ஹெர்ட்'. டிவி பார்த்தவர்கள் எல்லாவற்றையும் 'வாக்கர்' என்பார்கள்.

6. ஸ்பாய்லரிலிருந்து தப்பிப்பது

இந்தத் தொடரில் யாருக்கும் பாதுகாப்பு கிடையாது. நூறு இதழ் கூடவே வந்த ஒருவர் ஒரு பக்கத்தில் போய்விடுவார், முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. அந்தத் திடீர்தன்மைதான் தொடரின் உயிர். அதனால் ஸ்பாய்லர், அதாவது வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடும் தகவல், மற்றக் கதைகளைவிட இங்கே அதிக நஷ்டம்.

பாத்திரத்தின் பெயரைத் தேடுபொறியில் தட்டாதீர்கள். பெயரை முடிப்பதற்குள் "மரணம்" என்று அதுவே சேர்த்துக் காட்டும். பின்வரும் தொகுப்புகளின் முன்னட்டை, பின்னட்டை, கதைச் சுருக்கம் எதையும் பார்க்காதீர்கள். அட்டையில் இருப்பவர் யார் என்பதே, அதுவரை யார் பிழைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடும். வாங்கி வைத்திருக்கும் தொகுப்புகளை முதுகு மட்டும் தெரியும்படி அடுக்குங்கள். யார் யார் என்று குழம்பினால், படித்து முடித்தவரிடம் உங்கள் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். நல்ல வாசகர்கள் பொறுமையாகவே பதில் சொல்வார்கள். புதியவர் முதன்முறையாக ஒரு கட்டத்தைக் கடப்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது பழைய வாசகருக்குப் பெரிய சந்தோஷம்.

நீங்கள் முந்திவிட்டீர்கள், நண்பர் பின்னால் வருகிறார் என்றால் இன்னும் கவனம் வேண்டும். "அந்த ஆள் மேல ரொம்பப் பாசம் வைக்காதே" என்பதும் ஸ்பாய்லர்தான். "அடுத்த இதழ் படிச்சிட்டு எனக்குப் போன் பண்ணு" என்பதும் ஸ்பாய்லர்தான். அவர் வாய்விட்டுக் கேட்கும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஸ்பாய்லர் வேறு, எச்சரிக்கை வேறு. இதைச் சொல்லாமல் விடக் கூடாது: 27-ஆவது இதழில் கவர்னர் என்ற பாத்திரம் வந்த பிறகு, 33 வரையிலான சில இதழ்களில் பாலியல் வன்முறையும் சித்திரவதையும் வருகின்றன. அந்தப் பக்கங்கள் தேவைதானா, எழுதிய விதம் சரிதானா என்பது வாசகர்களிடையே இன்றும் தீராத விவாதம். அதைத் தாங்க முடியாது என்று நினைப்பவர்கள் படித்து முடித்த ஒருவரிடம் கேட்டு, அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகலாம். 100-ஆவது இதழும் கொடூரமானது. இளம் வயதினரிடம் இந்தத் தொடரைத் தூக்கிக் கொடுக்காதீர்கள்.

7. என்ன பேசுவது

புதியவர்கள் பேச்சைப் பெரும்பாலும் "நானா இருந்தா" என்றுதான் தொடங்குவார்கள். நானா இருந்தா அந்தக் கதவைத் திறந்திருக்க மாட்டேன், நானா இருந்தா அவனை அன்றைக்கே சுட்டிருப்பேன். சுவாரஸ்யமான விளையாட்டுதான், ஆனால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். நமக்குப் பக்கத்துப் பக்கம் தெரியும், அந்தப் பாத்திரத்துக்குத் தெரியாது.

அதற்குப் பதிலாக, "அந்தப் பக்கத்தில் அந்த ஆளுக்கு என்னவெல்லாம் தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கதையுலகத்தின் விதிகள் ஒரே நாளில் தெரியவருவதில்லை. கடித்தால் என்ன ஆகும், சத்தத்துக்கு எப்படி வருகிறார்கள், வாசனைக்கு எப்படி ஏமாறுகிறார்கள் என்று ஒவ்வொன்றும் ஒவ்வோர் இதழில், பெரும்பாலும் யாரோ ஒருவர் விலை கொடுத்த பிறகு தெரியவருகிறது. எந்த விதி எந்த இதழில் தெரிந்தது என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால் போதும், பாதி வாக்குவாதங்களில் உங்கள் பேச்சுக்குத் தனி எடை வந்துவிடும். "ரிக் முட்டாள்தனமா முடிவெடுத்தான்" என்று ஒருவர் சொல்லும்போது, "அந்த விதி அவனுக்கு அப்போ தெரியாதே" என்று இதழ் எண்ணோடு சொல்ல முடியும்.

இன்னொரு நல்ல வழி, ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு பேசுவது. நாலு பேர் சேர்ந்து ஆறு இதழ் படித்தீர்கள் என்றால், ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து வரட்டும். கட்டங்கள் எத்தனை, யார் முகம் நிழலில் இருக்கிறது, யார் பேசாமல் நிற்கிறார்கள், பக்கத்தைத் திருப்பினால் என்ன வருகிறது என்று பாருங்கள். பொதுவாக "செம்ம இதழ்" என்று சொல்வதைவிட இது நீண்ட நேரம் ஓடும்.

மாதாந்திர இதழ்களின் கடைசியில் 'லெட்டர் ஹேக்ஸ்' என்ற பெயரில் வாசகர் கடிதப் பகுதி உண்டு. கிர்க்மனே பதில் எழுதுவார். கோபமாக எழுதியவர்களுக்கும் பதில் வரும். தொகுப்புகளில் இந்தப் பகுதி கிடையாது. பழைய தனி இதழ்கள் கைக்குக் கிடைத்தால், நீங்கள் கடந்துவிட்ட எண்களில் மட்டும் அதைப் படியுங்கள். ஒரு மரணம் நடந்த அடுத்தடுத்த மாதங்களில் வாசகர்கள் என்ன எழுதினார்கள் என்று பார்ப்பது, கூட்டத்தோடு உட்கார்ந்து படித்த அனுபவத்தைக் கொஞ்சமாவது தரும்.

8. டிவி தொடரைத் தனியாக வையுங்கள்

ஏஎம்சி தொலைக்காட்சியில் 2010 அக்டோபர் 31 முதல் 2022 நவம்பர் வரை, பதினொரு சீசன், 177 எபிசோடு ஓடியது. அதை முதலில் பார்த்துவிட்டு வருபவர்கள்தான் இன்று அதிகம். அதில் தப்பே இல்லை. காமிக்ஸ் உங்களுக்குக் கெட்டுப்போய்விடவும் இல்லை. ஏனென்றால் யார் எப்போது போகிறார்கள் என்பது இரண்டிலும் வெகுவாக மாறுகிறது. டிவியில் சீக்கிரம் போனவர் காமிக்ஸில் நெடுங்காலம் இருப்பார், நேர்மாறாகவும் நடக்கும். டிவியில் வரும் டேரில் டிக்சன் காமிக்ஸில் கிடையவே கிடையாது. முதல் சீசன் முடிவில் வரும் நோய்த் தடுப்பு மையமும் கிடையாது. இரண்டாம் சீசன் முழுக்க ஓடிய பண்ணை வீடு காமிக்ஸில் சில இதழ்களில் முடிந்துவிடும். டிவியில் ரிக் ஜார்ஜியாக்காரர், கவர்னரின் தோற்றமும் வேறு.

எது சிறந்தது என்ற சண்டையில் இறங்காதீர்கள், அதற்கு முடிவே கிடையாது. ஒரே காட்சியை இரண்டும் எப்படிக் கையாண்டன என்று பேசுவதில்தான் பலன் உண்டு. நேகன் என்ற பாத்திரம் அறிமுகமாகும் காட்சி நல்ல உதாரணம். காமிக்ஸில் அது 2012 ஜூலையில் வந்த 100-ஆவது இதழ். முதல் இதழ் சுமார் 7,000 பிரதிகள் அச்சான தொடர் இது. நூறாவது இதழ் கடைகளுக்கு மட்டும் 3,80,000 பிரதிகளுக்கு மேல் போனது. அந்த இதழுக்குள்ளேயே காட்சி தொடங்கி, யாருக்கு என்ன ஆயிற்று என்பது முழுக்கத் தெரிந்துவிடும். டிவியில் 2016 ஏப்ரல் 3 அன்று ஆறாம் சீசன் முடியும்போது அடி விழுகிறது, யார் மீது என்று காட்டவில்லை. அக்டோபர் 23 வரை காத்திருக்க வைத்தார்கள். காமிக்ஸ் நம்மைத் துக்கத்தோடு காத்திருக்க விட்டது, டிவி புதிரோடு காத்திருக்க விட்டது. காமிக்ஸ் செய்ததுதான் நேர்மையானது என்பது என் உறுதியான எண்ணம். மாற்றுக் கருத்து இருப்பவர்களும் நிறையப் பேர் உண்டு.

9. நோய் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி

மனிதர்களை ஜாம்பியாக்கும் நோய் எங்கிருந்து வந்தது? புதியவர்கள் தவறாமல் கேட்பது இது. கதைக்குள் இதற்குப் பதில் கிடையாது. தெரிந்துகொண்டே தொடங்குங்கள், இல்லாவிட்டால் 193 வரை தேடிக்கொண்டிருப்பீர்கள். வெறும் ஜாம்பிக் கதை என்றால் விற்காது என்று பதிப்பகம் தயங்கியபோது, எல்லாவற்றுக்கும் பின்னால் வேற்றுக்கிரகவாசிகள் இருப்பதாகச் சொல்லித்தான் கிர்க்மன் ஒப்புதல் வாங்கினார். அதைக் கதையில் எழுதும் எண்ணம் அவருக்கு இல்லை. 75-ஆவது இதழின் பின்பக்கத்தில் அந்த வேற்றுக்கிரகக் கதையை வண்ணத்தில், ரயன் ஒட்லியின் ஓவியத்தோடு ஒரு குறும்புக்காகச் சேர்த்தார்கள். அது மூலக்கதையைச் சேர்ந்ததல்ல. 2020 ஜனவரியில் ஒருவர் ட்விட்டரில் காரணம் கேட்டபோது, விண்வெளியிலிருந்து வந்த நுண்வித்து என்று இரண்டே சொல்லில் பதில் போட்டார். அதை மெய்யான விடையாக எடுத்துக்கொள்வதா என்று இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. இந்தக் கதையில் யாருக்கும் நோயை ஆராய நேரமில்லை, அடுத்த வேளைச் சாப்பாட்டைத்தான் தேடுகிறார்கள்.

10. முடித்த பிறகு

கிளைக் கதைகள் பல இருக்கின்றன. எதை எப்போது படிக்கலாம் என்பதில் கவனம் வேண்டும். கவர்னரின் முன்கதையைச் சொல்லும் நாவல்கள், ஜே போனன்சிங்காவும் கிர்க்மனும் சேர்ந்து எழுதியவை, 2011-இலிருந்து வந்தன. 48-ஆவது இதழுக்கு முன்னால் முதல் நாவலைத் தொடாதீர்கள். நேகனின் முன்கதை 2017-இல் தனிப் புத்தகமாக வந்தது. அதை 126-க்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூலையில் நேகனை வைத்து இன்னொரு தனி இதழ் வந்தது. அதன் தலைப்பே ஒரு ஸ்பாய்லர் என்பதால் இங்கே எழுதவில்லை. 193-ஐ முடித்தவர்களுக்கு அது தானாகக் கண்ணில் படும். பிரையன் கே. வான் எழுதி மார்கோஸ் மார்ட்டின் வரைந்த, பார்சிலோனாவில் நடக்கும் 'தி ஏலியன்' என்ற குறுங்கதை 2016-இல் வந்தது. அளவில் சின்னது, மிக நேர்த்தியானது. அதையும் கடைசியில் படிப்பதே நல்லது.

டெல்டேல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட கணினி விளையாட்டு மட்டும் வேறு ரகம். லீ, கிளமென்டைன் என்ற இருவரைச் சுற்றிய தனிக் கதை. காமிக்ஸ் ஆட்கள் ஓரிருவர் தலைகாட்டுவார்கள். முதல் தொகுப்பைப் படித்த பிறகு எப்போது வேண்டுமானாலும் அதை ஆடலாம். கிளமென்டைனை வைத்து டில்லி வால்டன் எழுதி வரைந்த காமிக்ஸ் புத்தகங்கள் 2022-இல் வரத் தொடங்கின. அவற்றை விளையாட்டு முடிந்த பிறகு எடுங்கள்.

இரண்டாவது வாசிப்புக்கு முன்பு சொன்ன வண்ணப் பதிப்பை வைத்துக்கொள்ளலாம். முதல் வாசிப்பில் எழுதி வைத்த ஊகத் தாள்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிர்க்மனின் பழைய குறிப்பில் ஒரு பாத்திரத்துக்கு அவர் வேறு முடிவு யோசித்திருந்தது தெரியவரும்போது, அதே இடத்தில் நீங்கள் என்ன எதிர்பார்த்தீர்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்த முறை உங்களோடு யாராவது முதல் தடவையாகப் படிக்க வந்தால், அவர் எந்த இதழில் இருக்கிறார் என்று கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.